கொண்டையில் ஒரு வெட்டு

நிம்மதிக் கோழி என்ற பெயரில் விற்ற கோழிக்கறிக்கு மற்ற கோழிக்கறியைப் போல இரண்டு மடங்கு விலை. கறி என்னவோ அதே கறிதான், வேகிற நேரமும் அதேதான். ஆனால் இந்தப் பொட்டலத்தை வாங்குகிறவர்களுக்கு மேலட்டையில் அந்தக் கோழியின் வண்ணப் படம், அதன் பெயர், ஏழெட்டு வரியில் அதன் வாழ்க்கை வரலாறு எல்லாம் கிடைக்கும். அடியில் 'அது நன்றாக வாழ்ந்தது. நீங்கள் நன்றாகச் சாப்பிடுங்கள்' என்று பொன்னெழுத்தில் அச்சிட்டிருக்கும். கோழியையும் விட முடியாமல், மனச்சாட்சியையும் விட முடியாமல் நல்லவர்கள் எத்தனை காலம்தான் திண்டாடுவார்கள்? அவர்கள் கஷ்டத்தைப் பார்த்து மனம் பொறுக்காமல்தான் முதலாளி இந்தக் கம்பெனியை ஆரம்பித்தார்.

அந்த வரலாறுகளை எழுதுவது அவள் வேலை. ஆபீசில் அவளுக்குக் கோழிப் புலவர் என்று பெயர். கிண்டலுக்குத்தான் வைத்தார்கள். முதலாளியே "புலவரே" என்று கூப்பிட ஆரம்பித்த பிறகு அது பதவியாகிவிட்டது. 'அல்லிக்கு இளவெயில் என்றால் உயிர். சிறகை விரித்துப் படுத்தால் கூப்பிட்டாலும் வரமாட்டாள்.' 'சிட்டு கூச்ச சுபாவம் உள்ளவள். தங்கைகள் தின்ற பிறகுதான் தீனிக்கு வருவாள்.' இப்படியே மூன்று வருஷமாக எழுதிக்கொண்டிருந்தாள். எந்த வரலாற்றிலும் சாவு வராது. கடைசி வரியில் கோழி ஏதாவது ஒரு மர நிழலில் கண்ணை மூடி இளைப்பாறும். அதற்கு அடுத்த வரி சமைக்கும் முறை. இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று வாங்கினவர் யாரும் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதற்குத்தானே அந்த விலை.

அல்லியும் சிட்டும் எங்கே வெயில் காய்ந்தார்கள் என்பது அவளுக்கும் தெரியாது. கொட்டகைகள் ஆபீசுக்குப் பின்னால் இருந்தன. அந்தப் பக்கம் ஜன்னலே வைக்காமல் கட்டியிருந்தார்கள். கட்டினவர் விவரம் தெரிந்தவர். முன்பக்கம் பெரிய கண்ணாடி ஜன்னல், அதற்கு வெளியே மெத்தை மாதிரி புல்வெளி. அந்தப் புல்வெளியில் கம்பெனியின் ஒரே ஒரு கோழி நடமாடும். அதற்கு மேடம் என்று பெயர்.

எல்லா மேலட்டைகளிலும் இருந்தது மேடத்தின் படம்தான். அல்லியும் அவர்தான், சிட்டும் அவர்தான். ஒவ்வொரு கோழியையும் பிடித்துப் படம் எடுப்பது ஆகிற காரியமா? ஆரம்பத்தில் கொட்டகையிலிருந்து ஒரு குஞ்சைத் தூக்கி வந்தார்கள். அது செம்பழுப்பு இறகும் நிமிர்ந்த கழுத்துமாக வளர்ந்து, படம் எடுப்பவர் சொன்னபடியெல்லாம் திரும்பி நின்றது. வலப்பக்கம், இடப்பக்கம், புல்லில், வெயிலில் என்று ஆயிரக்கணக்கில் எடுத்து வைத்துவிட்டார்கள். ஒரு நாள் ஆபீஸ் கதவு இடுக்கில் மாட்டி மேடத்தின் கொண்டையில் நடு முனை அறுந்துபோனது. படம் எடுப்பவர் அதுவும் ஒரு களைதான் என்று சொல்லி, அதற்குப் பிறகும் எடுத்துக்கொண்டே இருந்தார்.

மேடம் வெயில் ஏறியதும் உள்ளே வந்துவிடுவார். வந்தால் நேராகப் புலவரின் மேசைக்கு அடியில் போய் அவள் வலது கால்மேல் உட்கார்ந்துகொள்வார். அந்த இளஞ்சூடு காலில் இருந்தால்தான் அவளுக்கு எழுத்தே ஓடும். எழுதி முடித்ததை வாய்விட்டுப் படிப்பாள். மேடம் தலையைச் சாய்த்துக் கேட்பார். புருஷன்கூட அவள் பேச்சை அவ்வளவு பொறுமையாகக் கேட்டதில்லை. சனிக்கிழமை கம்பெனி கொடுக்கும் இலவசப் பொட்டலத்தை வீட்டுக்குக் கொண்டுபோய், ஞாயிற்றுக்கிழமை வறுத்துத் தின்பதிலும் அவளுக்கு ஒரு குறையும் தோன்றியதில்லை. மேடம் வேறு, கோழி வேறு.

இப்படி எல்லாரும் நிம்மதியாக இருக்கும்போதுதான் அந்தப் பெரியவர் வந்தார். ஏதோ பதிப்பகத்தில் பிழை திருத்துபவராக இருந்து ஓய்வு பெற்றவர். தின்ற கோழிகளின் மேலட்டைகளைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைத்து, போகும்போதும் வரும்போதும் மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தவராம். பார்வை பழகிய பார்வை ஆயிற்றே, சும்மா இருக்குமா? முதலாளியின் மேசையில் அட்டைகளைச் சீட்டுக்கட்டு மாதிரி பரப்பினார். அல்லி, சிட்டு, முத்து, பவளம். எல்லார் கொண்டையிலும் அதே முனை அறுந்திருந்தது.

"நான் அதிகமா ஒண்ணும் கேக்கல. நான் தின்ன கோழி செத்துடுச்சா, இல்ல உயிரோட இருக்கா? அதை மட்டும் சொல்லுங்க," என்றார்.

முதலாளிக்கு வியர்த்தது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து அறையில் புலவரின் மேசைக்கு அடியிலிருந்து மேடம் கொக்கரித்தார். முதலாளி அதற்கு மேல் சத்தமாக இருமினார். இருமி முடிப்பதற்குள் அவருக்கு ஒரு வழி கிடைத்துவிட்டது. அச்சுப் பிழை, என்றார். ஒரே படம் பல அட்டைகளில் ஏறிவிட்டது, அச்சகத்துக்காரர்கள் செய்த கோளாறு. பெரியவர் முகம் உடனே இளகிற்று. உலகத்தில் அவர் மன்னிக்கக் கூடிய குற்றம் ஒன்று உண்டென்றால் அது அச்சுப் பிழைதான், அதை நம்பித்தான் நாற்பது வருஷம் சோறு தின்றிருக்கிறார். சரி, அப்படியென்றால் இந்தப் படத்தில் இருக்கிற கோழி எங்கே என்று கேட்டார். அதன் முறை இன்னும் வரவில்லை, வெள்ளிக்கிழமை வருகிறது, வாருங்கள், தலையோடு முழுசாக உங்கள் கையிலேயே தருகிறேன் என்று முதலாளி வாக்குக் கொடுத்தார். பெரியவர் எழுந்துபோகும்போது, கோழி உயிரோடு இருக்கும் என்ற நினைப்பில் மூன்று நாளாகத் தனக்குத் தூக்கமே இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும், பக்கத்து அறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த புலவர் முதலாளி அறைக்கு ஓடினாள். மேடத்தைக் கொல்ல வேண்டாம், என் வீட்டுக்குக் கொண்டுபோய்விடுகிறேன், யார் கண்ணிலும் படாது என்று கெஞ்சினாள். முதலாளிக்கும் கண் கலங்கத்தான் செய்தது. கலங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் கேட்டார்.

"பொய் சொல்லிப் பிழைக்கிற கம்பெனியா நாம? படத்துல இருக்கிற கோழியும் பொட்டலத்துல இருக்கிற கோழியும் ஒண்ணுன்னு சொல்லிட்டோம். ஒரு தடவையாவது அது உண்மையா இருக்கணும்ல, புலவரே."

மேடத்தின் வரலாற்றை நல்ல உருக்கமாக எழுதிக்கொடுக்கும்படியும் சொன்னார். அவள் அதை எழுதினாள். கால்மேல் வந்து உட்காருவதையும், தலையைச் சாய்த்துக் கதை கேட்பதையும் எழுதினாள், கதவு இடுக்கில் கொண்டை அறுந்ததை மட்டும் கம்பி வேலி என்று மாற்றினாள். அவள் எழுதிய வரலாறுகளில் ஏறக்குறைய நிஜமாக இருந்தது அது ஒன்றுதான். முதலாளி படித்துவிட்டு, கொஞ்சம் இயற்கையாக இல்லை என்றார்.

வீட்டில் அன்றைக்கு அவள் பிழியப் பிழிய அழுதாள். அவள் புருஷன் பல்செட் செய்கிறவன், சாந்தமான ஆள். பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தான். மாமியார் எதிரில் இருந்தாள். மகன் கைப்பட அளவெடுத்துச் செய்துகொடுத்த பல்செட்டால் எலும்பையும் மிச்சம் வைக்காத மனுஷி. மருமகள் அழுவதைப் பார்க்க அவளுக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் எதற்கு அழுகிறாள் என்பதுதான் பிடிபடவில்லை.

அழுதுகொண்டே அவள் ஒரு யோசனையைச் சொன்னாள். கொட்டகையில் முட்டைக்காக வைத்திருக்கும் வயதான தாய்க்கோழிகள் இருக்கின்றன. மேடத்தின் நிறம், மேடத்தின் ஜாதி. அதில் ஒன்றை எடுத்து, கொண்டையில் அதே இடத்தில் ஒரு வெட்டு வெட்டி, மேடம் ராத்திரி படுக்கும் கூடையில் வைத்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? மேடம் நம் வீட்டுக்கு வந்துவிடுவார்.

"அப்போ இதுக்குப் பதிலா அது சாகட்டும்ங்கிற," என்றாள் மாமியார்.

"அதை எனக்குத் தெரியாதே, அத்தை."

மாமியாருக்கு அது நியாயமாகத்தான் பட்டது போலிருக்கிறது. புருஷன் எழுந்துபோய்த் தன் கருவிப் பெட்டியிலிருந்து நுனி மெலிந்த கத்தரிக்கோல் ஒன்றை எடுத்துவந்து, துணியில் சுற்றிக் கொடுத்தான்.

வியாழக்கிழமை சாயங்காலம் கொட்டகை மேற்பார்வையாளரிடம் சாவி கேட்டாள். எழுதுவதற்கு விஷயம் சேகரிக்க வேண்டும் என்றாள். மூன்று வருஷமாக விஷயமே இல்லாமல் எழுதினவளுக்கு இப்போது என்ன வந்தது என்பது போல அவர் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார்.

கதவைத் திறந்ததும் முதலில் கண் எரிந்தது. பிறகுதான் நாற்றம் வந்தது. சுவரிலிருந்து சுவர் வரை கோழிகள், கால் வைக்கத் தரை இல்லை. மேலே விளக்குகள். இளவெயிலும் இல்லை, இளங்காற்றும் இல்லை. பல கோழிகளுக்கு முதுகில் இறகே கிடையாது, தோல் சிவந்து தெரிந்தது. நெருக்கத்தில் ஒன்றை ஒன்று கொத்திக்கொள்ளும் என்று எல்லாவற்றுக்கும் அலகின் நுனியை வெட்டியிருந்தார்கள். வெட்டிய பிறகும் கொத்திக்கொண்டுதான் இருந்தன. அவள் உள்ளே போனதும் அவ்வளவு கூச்சலும் ஒரு நொடி அடங்கி, அத்தனை தலைகளும் அவள் பக்கம் திரும்பின. கூச்ச சுபாவம் யாருக்கு, துறுதுறுப்பு யாருக்கு, யார் யாருக்குத் தங்கை என்று அவளால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. எல்லாமே மேடத்தின் சாயலாக இருந்தன. கதவுக்குப் பக்கத்தில் நின்றதை எடுத்துக்கொண்டாள். அதைத் தேர்ந்தெடுக்க வேறு காரணம் கிடையாது. அவளால் அதற்கு மேல் உள்ளே போக முடியவில்லை, அவ்வளவுதான்.

தீனி மூட்டைகள் அடுக்கிய அறையில் அதை மடியில் வைத்து, முழங்கைக்கு அடியில் இடுக்கிக்கொண்டு கத்தரிக்கோலை எடுத்தாள். நகம் வெட்டுவது மாதிரிதான் இருக்கும் என்று நினைத்திருந்தாள். கொண்டையில் உயிர் இருக்கிறது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. முதல் வெட்டிலேயே அது போட்ட அலறல் அந்த அறை முழுக்க நிரம்பியது. ரத்தம் அவள் சட்டைக் கையில் பீய்ச்சியடித்தது. அது உதறியதில் வெட்டு பாதியில் நின்றுவிட்டது. பாதி வெட்டு எதற்கும் உதவாது. அழுதுகொண்டே, மன்னிச்சுக்கோ, மன்னிச்சுக்கோ என்று சொல்லிக்கொண்டே இரண்டாவது தடவையும் வெட்டினாள். மன்னிப்புக் கேட்டதால் கத்தரிக்கோல் ஒன்றும் மழுங்கிவிடவில்லை.

கைக்குட்டையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் உள்ளங்கைக்கு அடியில் அதன் நெஞ்சு தறிகெட்டு அடித்துக்கொண்டது. ரத்தம் நின்றதும் பிடியைத் தளர்த்தினாள். ஓடிவிடும் என்று நினைத்தாள், அது ஓடவில்லை. எங்கே போவது என்று அதற்குத் தெரிந்திருக்காது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு, அவள் கைக்கு அடியிலேயே தலையை நுழைத்து ஒளித்துக்கொண்டது. அவளுக்கு வெட்கமாக இருந்தது. இதுவரை பட்ட வெட்கம் எதுவும் வெட்கமே இல்லை என்று தோன்றும்படியான வெட்கம்.

ஆனாலும் அதைக் கொண்டுபோய் மேடத்தின் கூடையில் வைத்தாள். மேடத்தைக் காகிதம் வந்த அட்டைப்பெட்டியில் போட்டு, பக்கத்தில் ஓட்டை குத்தி, வெளியே ஸ்கூட்டரோடு நின்ற புருஷனிடம் கொடுத்தாள். வெட்டுகிற பகுதியிலிருந்து ஆள் வந்து, "மேடம் தயாரா?" என்று கேட்டபோது தலையை ஆட்டினாள்.

வெள்ளிக்கிழமை காலையில் பெரியவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். எஃகுத் தட்டில் வெள்ளைத் துணி விரித்து, இறகு நீக்கிய கோழியைத் தலையோடு வைத்திருந்தார்கள். பக்கத்தில் மேடத்தின் படமும் வரலாறும் அச்சிட்ட அட்டை. பெரியவர் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து, படத்தைப் பார்த்தார், கொண்டையைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். வெட்டு இருந்த இடம் சரியாக இருந்தது. முதலாளி மூச்சு விட்டார்.

"காயம் பச்சையா இருக்கே," என்றார் பெரியவர்.

முதலாளி புலவரைப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. புலவரை மூன்று வருஷப் பழக்கம் கைவிடவில்லை, வாய் தானாகவே பேசியது. வேலிக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தலையை விட்டுப் பார்ப்பது மேடத்துக்கு ஒரு விளையாட்டு, நேற்றும் அதே இடத்தில் கம்பி கீறிவிட்டது என்றாள். பெரியவர் சிரித்துக்கொண்டே கண்ணாடியைக் கொஞ்சம் கீழே இறக்கினார். அலகின் நுனி ஏன் இப்படி மொட்டையாக இருக்கிறது, படத்தில் கூராக இருக்கிறதே என்று கேட்டார்.

"கல்லைக் கண்டா விடமாட்டா சார். கொத்திக் கொத்தியே தேஞ்சு போச்சு. அவ்வளவு துறுதுறுப்பு."

பெரியவர் பூதக்கண்ணாடியை மடக்கிப் பைக்குள் போட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். வரலாற்றை ஒரு தடவை வாய்விட்டுப் படித்து, ஓர் இடத்தில் ஒற்று விட்டுப்போயிருப்பதைப் பேனாவால் சரி செய்தார். நமக்கெல்லாம் இப்படி ஒரு வாழ்க்கை வாய்க்குமா என்றார். பிறகு கோழியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போனார். முதலாளி அன்று எல்லாருக்கும் இனிப்பு கொடுத்தார். இவ்வளவு நாளில் இன்றைக்குத்தான் நெஞ்சில் பாரம் இல்லாமல் இருக்கிறது என்றார். மேடத்துக்காக எல்லாரும் ஒரு நிமிஷம் எழுந்து நின்றார்கள்.

மறுநாள் பெரியவர் போன் செய்தார். கறி ரப்பர் மாதிரி இருந்ததாம், இரண்டு மணி நேரம் கொதித்தும் வேகவில்லையாம். ஆனால் மனசுக்கு அவ்வளவு திருப்தியாம். பல் வலித்தாலும் பரவாயில்லை, இனிமேல் எனக்கு நிம்மதிக் கோழிதான் என்றார். சனிக்கிழமை ஆனதால் கம்பெனி வழக்கம்போல இலவசப் பொட்டலம் கொடுத்தது. அவள் வழக்கம்போல வாங்கி வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை புருஷன் கோழி வறுத்தான். நன்றாகச் சமைப்பான், அன்று இன்னும் கவனமாகச் சமைத்திருந்தான். மூன்று பேரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மேடம் இரண்டு நாளில் வீட்டைத் தன் வீடாக்கிக்கொண்டுவிட்டார். சமையலறை, கூடம் எல்லாம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, மேசைக்கு அடியில் வந்து அவள் வலது கால்மேல் உட்கார்ந்தார். அந்தப் பழைய இளஞ்சூடு. அவள் மனம் குளிர்ந்துவிட்டது. வெட்கமெல்லாம் எங்கோ தூரத்தில் நடந்தது மாதிரி ஆகிவிட்டது. ஓர் உயிரைக் காப்பாற்றியிருக்கிறோம், எத்தனை பேருக்கு அது வாய்க்கும் என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. அட்டையில் சமைக்கும் முறைக்கு மேலே பவளத்தின் வரலாறு இருந்தது. மாமியார் அதைத் தூரத்தில் பிடித்துப் படித்துக்கொண்டே சாப்பிட்டாள்.

மாமியார் தட்டிலிருந்து ஒரு துண்டு நழுவித் தரையில் விழுந்தது. மேடம் கால்மேலிருந்து இறங்கிப் போய் அதைக் கொத்தித் தின்னத் தொடங்கினார். ருசித்துத் தின்றார். புருஷன் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான்.

மாமியாரும் குனிந்து பார்த்தாள். கையில் இருந்த எலும்பைத் தட்டில் வைத்தாள். அவள் பாதியில் எலும்பை வைப்பது அபூர்வம்.

"இதுக்குப் பேரு மேடம்," என்றாள். "தின்னுட்டு இருக்கறதுக்குப் பேரு பவளம்னு போட்டிருக்கு. கொண்டையை வெட்டி அனுப்பினியேம்மா, அதுக்கு என்ன பேரு வெச்ச?"

கிண்டலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

அவள் யோசித்தாள். எத்தனை கோழிகளுக்குப் பெயர் வைத்த வாய், காலையில் உட்கார்ந்தால் மத்தியானத்துக்குள் கூடை நிறையப் பெயர் வைத்துவிடும். கைக்கு அடியில் தலையை நுழைத்துக்கொண்ட அந்த ஒன்றுக்கு இப்போது ஒரு பெயரும் வரவில்லை. மாமியார் பதிலுக்காகக் காத்திருந்தாள். தட்டில் வைத்த எலும்பை இன்னும் எடுக்கவில்லை.